எல்லைக்கு இந்தப் பக்கம் ஓட்டு: கேரளத்துக்கு வாழ வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2011 ஏப்ரல் 13. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே நாளில் சட்டமன்றத் தேர்தல். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான் வந்து அப்போது இரண்டு வருடம். காலையில் சமையலை முடித்துவிட்டு மாமியாரோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. மேசையில் இருந்தவர் பட்டியலை மேலும் கீழும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "பேரில்லல்லோ சேச்சி" என்றார். வீட்டுக்கு வந்து படிவம் எழுதி வாங்கிப் போன ஆள் அதை எங்கேயும் கொடுக்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. அம்மா வீட்டுப் பட்டியலில் இன்னும் பேர் இருந்தது. ஆனால் கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பொழுது போய்விடும். அந்தத் தேர்தலில் நான் எங்கேயும் ஓட்டுப் போடவில்லை. மாமியார் விரலில் மை இருந்தது, என் விரலில் இல்லை. ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம், கோபாலபுரம் என்று எங்கே போனாலும் என்னைப் போல வந்த பெண்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். தென்னந்தோப்பு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களும் உண்டு. வருடா வருடம் பதினெட்டு வயது ஆகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் ஊர் எது?

படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது இதுதான். இந்தியச் சட்டப்படி ஒருவர் பெயர் ஒரே ஒரு தொகுதியில்தான் இருக்கலாம், அதுவும் ஒரே ஒரு தடவைதான். எங்கே என்றால், நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில். அந்தப் பக்கம் அப்பா பேரில் வீடு இருக்கிறது, எனக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பதெல்லாம் போதாது. வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் நேராகவே சொல்கிறது. அதேபோல் நாலு மாதம் வேலைக்கு வெளியூர் போய்விட்டு வந்தால் உங்கள் ஊர் உங்கள் ஊர் இல்லாமலும் போகாது. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பெற்றோர் வீட்டு முகவரி, ஹாஸ்டல் முகவரி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

"அங்கேயும் இருக்கட்டும், இங்கேயும் இருக்கட்டும், என்ன கெட்டுப் போச்சு?" என்று எங்கள் பக்கம் சாதாரணமாகக் கேட்பார்கள். 2024-இல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26 என்று ஒரு வார இடைவெளியில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது இந்தப் பேச்சு இன்னும் அதிகமாகக் காதில் விழுந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தண்டனையை விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஓட்டுப் போடும்போது நாம் இரண்டு போடுவது அவருடைய ஓட்டைப் பாதியாக்குவது.

இங்கே ஏன் போட வேண்டும் என்று என்னைக் கேட்டால், நான் தண்ணீரைத்தான் சொல்வேன். ஆழியாற்றிலிருந்து மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் பகுதிக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்பது 1970-இல் இரண்டு மாநிலமும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். எங்கள் வயலும் கிணறும் அந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. தண்ணீர் குறையும்போது கேரள அரசுதான் பேசப் போகிறது. அங்கே எங்கள் குரலாக நிற்பவரை அனுப்புவது சித்தூர்த் தொகுதி ஓட்டு. அம்மா வீட்டு ஊர் மேல் எனக்குப் பாசம் குறையவில்லை. ஆனால் என் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் வாய்க்காலும் இந்தப் பக்கம் இருக்கின்றன.

படிவம் 6-ஆ, படிவம் 8-ஆ?

இதுவரை எங்குமே பெயர் சேர்க்காதவர்களுக்குப் படிவம் 6. ஏற்கெனவே தமிழ்நாட்டுப் பட்டியலில் பெயர் இருந்து இங்கே மாற்ற வேண்டும் என்றால் படிவம் 8. இந்த ஒரு விஷயத்தில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். கல்யாணமாகி வந்த பெண் புதிதாகப் படிவம் 6 கொடுத்துவிடுகிறாள், அம்மா வீட்டில் பெயர் அப்படியே கிடக்கிறது, பட்டியலில் ஒரே ஆள் இரண்டு பேர் ஆகிறாள். அவள் மனதில் எந்தத் தப்பும் இல்லை, ஆனால் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி பொய்யாகிவிடுகிறது. படிவம் 8-இல் பழைய வாக்காளர் அட்டை எண்ணை எழுத இடம் இருக்கிறது. மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் அது. அட்டை தொலைந்திருந்தால் அம்மாவிடம் போனில் கேட்டு, பழைய பூத் ஸ்லிப்பிலிருந்தாவது அந்த எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம், புது அட்டை, மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு எல்லாவற்றுக்கும் இதே படிவம் 8-தான்.

வயது விஷயம் ஒன்று. முன்பு ஜனவரி 1 அன்று பதினெட்டு ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான். 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நாலு தேதிகள். பதினேழு முடிந்தவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வைக்கலாம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பரீட்சை விடுமுறையிலேயே இதை முடித்துவிடுங்கள். 1989-க்கு முன்னால் இந்த உரிமைக்கு இருபத்தொரு வயது வரை காத்திருந்தார்கள்.

வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, ஒரு போட்டோ. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆதார் இவற்றில் ஏதாவது வயதுக்கு ஆகும். முகவரிதான் புது மருமகள்களுக்குச் சிக்கல். ஆதாரில் அம்மா வீட்டு முகவரி இருக்கும், கரண்ட் பில் மாமனார் பேரில் வரும். முகவரிச் சான்று உங்கள் பேரிலோ கணவர் பேரிலோ இருந்தால் நல்லது, மாமனார் பில் அந்த வரிசையில் வராது. பாங்க் பாஸ்புக்கில் புது முகவரியை முதலில் மாற்றிக்கொள்வது எளிதான வழி. எந்தச் சான்றுமே இல்லை என்றால் அதனால் மட்டும் உங்களைத் தள்ளிவிட முடியாது. உங்கள் பூத்துக்குரிய பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்து நேரில் பார்த்து விசாரிப்பார்.

பி.எல்.ஓ. என்பவர் உங்கள் பூத்தின் வாக்காளர் பட்டியலைக் கவனிக்கும் அலுவலர். பெரும்பாலும் அங்கன்வாடி டீச்சர், பள்ளி ஆசிரியர் அல்லது வேறு அரசு ஊழியர். அவர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்வது இந்த வழிகாட்டி முழுவதையும் விடப் பயனுள்ளது. 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் விவரம் கிடைக்கும். விண்ணப்பத்தைத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் நீங்களே போனில் நிரப்பலாம். அது கைவராவிட்டால் நம் இ-சேவை மையம் மாதிரி இங்கே இருக்கும் அக்ஷயா மையத்துக்குப் போய்ச் செய்யச் சொல்லுங்கள். எப்படிச் செய்தாலும் விண்ணப்ப எண்ணைக் கையில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். கட்சிக்காரர் உதவி செய்ய வந்தால் சந்தோஷமாக உதவி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எண் உங்களிடம் இருக்க வேண்டும். என்னிடம் அன்றைக்கு அந்த எண் இருந்திருந்தால் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே விஷயம் தெரிந்திருக்கும்.

விண்ணப்பம் போனதும் ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் கொடுப்பார்கள், விசாரிப்பார்கள், அப்புறம்தான் சேர்ப்பார்கள். வேட்புமனு கொடுக்கும் கடைசி நாளுக்குப் பிறகு யார் பேரையும் சேர்க்க முடியாது. அதனால் தேர்தல் தேதி அறிவித்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நிராகரித்துவிட்டால் பதினைந்து நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மலையாளம் படிக்க வராதவர்களுக்கு

பேச்சு வந்தாலும் எழுத்து வராதவர்கள் நம்மில் நிறைய. ஆபீசில் காதில் விழும் சொற்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். வோட்டர் பட்டிக என்பது வாக்காளர் பட்டியல். கரட் பட்டிக என்றால் வரைவுப் பட்டியல், அந்திம பட்டிக என்றால் இறுதிப் பட்டியல். கரட் பட்டிக வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே போய்ப் பாருங்கள், திருத்த வேண்டிய நேரம் அதுதான். அபேக்ஷ என்பது விண்ணப்பம். க்ரம நம்பர் நம்முடைய வரிசை எண். ஸ்தானார்த்தி வேட்பாளர். நியமசபா சட்டமன்றம். தமிழிலேயே எழுதிக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் தமிழிலும் கன்னடத்திலும் அரசுக்கு எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. நான் இரண்டு தடவை தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொண்டார்கள்.

பேர் எழுதுவதில் ஒரு எச்சரிக்கை. நம் பேரை மலையாளத்தில் எழுதும்போது ழ, ள, ற எல்லாம் சரியாக வந்துவிடும், ஆனால் இனிஷியல்தான் இடம் மாறும். நாம் முன்னால் போடுவதை இங்கே பின்னால் போடுவார்கள். அது ஆதாரில் ஒன்றாகவும் அட்டையில் ஒன்றாகவும் ஆகிவிடாமல் விண்ணப்பத்திலேயே கவனியுங்கள்.

பஞ்சாயத்துக்கு வேறு பட்டியல்

இது தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டுக்கும் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பட்டியல். பஞ்சாயத்து, நகராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், கேரளத்தில் அவர்கள் பட்டியலே தனி. ஒன்றில் பேர் இருந்தால் இன்னொன்றில் தானாக வராது. அங்கே புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 4 என்று பெயர். எண்ணைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டேனே என்ற நம்பிக்கையில் 2025 டிசம்பர் 11 அன்று பாலக்காடு மாவட்டத்தில் பஞ்சாயத்து ஓட்டுக்குப் போய், பேர் இல்லாமல் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். குடிநீர், தெருவிளக்கு, வீட்டுத் திட்டம் எல்லாம் வார்டு மெம்பர் கையில் இருக்கும்போது, இந்தப் பட்டியலைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மெஷினும் கொஞ்சம் வேறு மாதிரி. கிராமத்தில் இருப்பவர்களுக்கு மூன்று ஓட்டு: கிராமப் பஞ்சாயத்து, பிளாக் பஞ்சாயத்து, மாவட்டப் பஞ்சாயத்து. வெள்ளை, பிங்க், வெளிர்நீலம் என்று மூன்று நிறத் தாளோடு மூன்று பெட்டி வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டன். மூன்றும் அழுத்தினால் நீளமாகச் சத்தம் வரும். ஏதாவது ஒன்றில் போட விருப்பமில்லை என்றால் கடைசிப் பெட்டியில் உள்ள எண்ட் பட்டனை அழுத்திவிட்டு வர வேண்டும், அப்படியே நடந்து வந்துவிடக் கூடாது. இங்கே நோட்டா கிடையாது. தமிழ் பேசும் பகுதிகளில் பேர்கள் தமிழிலும் அச்சாகியிருக்கும். நகராட்சிக்காரர்களுக்கு ஒரே ஓட்டுதான்.

ஓட்டு நாள்

முந்தின நாளே உங்கள் பூத், பாக எண், க்ரம நம்பர் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூத் ஸ்லிப் மட்டும் அடையாளச் சான்று ஆகாது. வாக்காளர் அட்டை, இல்லாவிட்டால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, போட்டோ உள்ள பாஸ்புக், தொழிலுறுதி (நூறு நாள் வேலை) அட்டை, பாஸ்போர்ட் இப்படி ஏதாவது ஒன்று போதும். தமிழ்நாட்டில் வாங்கிய பழைய வாக்காளர் அட்டையும் செல்லும், இங்கே பட்டியலில் பேர் இருந்தால் சரி. மறுபக்கம், அட்டை கையில் இருந்து பட்டியலில் பேர் இல்லை என்றால் ஓட்டு இல்லை. 2025 நவம்பரில் இரண்டு மாநிலத்திலும் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைப் புதிதாக எழுதினார்கள். போன தடவை இருந்ததே என்று நினைக்காமல் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுங்கள்.

கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் மில்லுக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் கேளுங்கள். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல் நாளில் ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும், தினக்கூலிக்கும் இது உண்டு. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தேதி வேறாக இருந்தால் முதலாளிக்கு ஞாபகம் இருக்காது, ஒரு வாரம் முன்பே நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உள்ளே மூன்று பேர் இருப்பார்கள். முதலாமவர் பேரைச் சத்தமாகப் படித்துப் பட்டியலில் குறிப்பார். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு சீட்டுக் கொடுப்பார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு மெஷினைத் திறந்துவிடுவார். மறைப்புக்குள் நீங்கள் தனியாகத்தான் போக வேண்டும். கணவரும் வர முடியாது, மகனும் வர முடியாது. பார்வையோ உடம்போ முடியாதவர்கள் மட்டும் ஒரு துணையை அழைத்துப் போகலாம்.

வேட்பாளர் பேர், படம், சின்னம், பக்கத்தில் நீல பட்டன். அழுத்தினால் அந்த வரிசையில் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் நீங்கள் போட்ட சின்னத்தோடு ஒரு சீட்டு ஏழு வினாடி தெரிந்து, அறுந்து உள்ளே விழும். அந்த ஏழு வினாடியை விட்டுவிடாதீர்கள், நின்று பாருங்கள். அப்புறம் பீப் சத்தம். மெஷின் என்றாலே பயப்படுகிற பெரியவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு: இந்தியாவிலேயே தேர்தலில் ஓட்டு மெஷினை முதலில் வைத்தது இந்தக் கேரளத்தில்தான். 1982-இல் பரவூர்த் தொகுதியில் 50 பூத்துகளில் வைத்தார்கள். அதற்கான சட்டம் அப்போது இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்த பூத்துகளில் மறுபடி சீட்டில் ஓட்டுப் போட வைத்தது. ஒரு வாக்காளரின் ஓட்டு எப்படிப் பதிவாகிறது என்பதை நாட்டின் பெரிய கோர்ட் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறது.

யாரும் பிடிக்கவில்லை என்றால் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலில் கடைசி வரியில் நோட்டா இருக்கிறது. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. உங்கள் பேரில் வேறு யாரோ போட்டுவிட்டதாகச் சொன்னால் அழுதுகொண்டு திரும்பி வராதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று காட்டினால், தலைமை அலுவலர் உங்களுக்கு அச்சடித்த சீட்டில் டெண்டர் ஓட்டுப் போடத் தர வேண்டும். முடியும் நேரத்துக்குள் வரிசையில் வந்து நின்றுவிட்டால் எவ்வளவு நேரமானாலும் ஓட்டு உண்டு.

பணம் கொடுத்தால் என்ன செய்வது என்று சின்னப் பெண்கள் கேட்கிறார்கள். வாங்காதீர்கள். வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். வாங்கிவிட்ட பயத்தில் யாருக்குப் போட்டோம் என்று மெஷின் சொல்லிவிடுமோ என நடுங்குவதும் வேண்டாம், அது யாருக்கும் தெரியாது. ஒரு ஓட்டில் என்ன ஆகப் போகிறது என்று சொல்பவர்களிடம் பெரிந்தல்மண்ணையைச் சொல்லுங்கள். 2021-இல் அந்தத் தொகுதி 38 ஓட்டில் முடிவானது. 2016-இல் மஞ்சேஸ்வரம் 89, அந்தப் பக்கம் ராதாபுரம் 49.

நடக்க முடியாத பெரியவர்களுக்கு

நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் 85 வயது தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே போடலாம். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் 12டி படிவம் கொடுக்க வேண்டும், பி.எல்.ஓ.வே வீட்டில் வந்து வாங்கிக்கொள்வார். கொடுத்துவிட்டால் அப்புறம் பூத்துக்குப் போய்ப் போட முடியாது.

2024-இல் என் மாமியாருக்கு 87 வயது. அலுவலர்களும் வீடியோ எடுப்பவரும் போலீஸும் முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். திண்ணையில் அட்டையால் மறைப்பு வைத்தார்கள். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு நான் பக்கத்திலேயே நின்றேன். "நீ உள்ள போ கண்ணு, இது என் ஓட்டு" என்றார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். உறையை அவரே மடித்து ஒட்டினார்.

அடுத்த வாரம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். க்ரம நம்பரைச் சொன்னேன், பேர் இருந்தது.